பால் டீயை விட்டு பச்சைத் தேநீருக்கு: யாங்கோன்காரர்களுக்கு, கையைக் கடிக்காத ஒரு முழு வழிகாட்டி

யாங்கோனில் எந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும், நாம் வாய் திறப்பதற்கு முன்பே மேசைமேல் ஒரு பிளாஸ்க் இருக்கும். பக்கத்தில் பிடியில்லாத சின்னக் கோப்பைகள். அதற்குக் காசு கிடையாது. இருபது வருடமாக அந்தத் தண்ணீரை நான் கோப்பை கழுவத்தான் பயன்படுத்தினேன். ஒரு சுழற்று சுழற்றிக் கீழே ஊற்றிவிட்டு, பையனைக் கூப்பிட்டு, பாலும் இனிப்பும் தூக்கலாக ஒரு லப்பெயே, அதாவது பால் டீ, சொல்லுவேன். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை.

ஒரு நாள் ரத்தப் பரிசோதனைத் தாளில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. மருத்துவர் பால் டீயைக் குறைக்கச் சொன்னார். அன்று மாலையே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய், தங்க எழுத்து மின்னும் வெளிநாட்டு கிரீன் டீ டப்பா ஒன்றை வாங்கிவந்தேன். பால் டீ போட்ட கை அல்லவா? தளதளவென்று கொதித்த நீரில் பையைப் போட்டு, மூடிவைத்து, குளித்துவிட்டு வந்து குடித்தேன். நிலவேம்புக் கஷாயம் தோற்றது. டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று. மறுநாள் நான் பழைய கடைக்குப் போய்விட்டேன்.

அங்கே பிளாஸ்க்கிலிருந்து பக்கத்து மேசைப் பெரியவர் கோப்பைக்குமேல் கோப்பையாக ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். நானும் ஊற்றிப் பார்த்தேன். லேசான புகை வாசனை, மெல்லிய துவர்ப்பு, விழுங்கியபின் நாக்கின் அடியில் ஒரு தித்திப்பு. நான் காசு கொடுத்து வாங்கி வீணாக்கிய அதே பானம். பர்மிய மொழியில் இதன் பெயரில் தேயிலை என்ற சொல்லே இல்லை. ‘யேநுவேஜான்’ என்பார்கள், முரட்டு வெந்நீர் என்று பொருள். பெயர் அப்படி இருப்பதால்தான் அதைத் தேநீர்க் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை போலும்.

இனி, நான் தட்டுத் தடுமாறிக் கற்றதை நீங்கள் தடுமாறாமல் செய்ய வழி சொல்கிறேன்.

முதலில் இன்றைய கணக்கைப் போடுங்கள்

டீக்கடைக் கோப்பையின் அடியில் விழுவது கெட்டிப்பால். இனிப்பூட்டிய கெட்டிப்பாலில் சேர்த்த சர்க்கரை மட்டுமே ஏறத்தாழ 45 சதவீதம். ஒரு மேசைக்கரண்டி சுமார் 20 கிராம். இரண்டு கரண்டி விழுந்தால் கோப்பைக்கு 18 கிராம் சர்க்கரை. ஐந்து கோப்பைக்கு 90. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாளுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு இப்படிச் சேரும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நான் சோற்றைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே கிட்டத்தட்ட இரண்டு நாள் பங்கைக் குடித்து முடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்கைப் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பச்சைத் தேநீர் தொப்பையைக் கரைக்கும், கொழுப்பை உருக்கும் என்றெல்லாம் டப்பாக்களில் எழுதியிருப்பதை நம்பி ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் மனம் விட்டுப்போகும். எடை குறைவதில் அதன் பங்கு மிகச் சிறியது. நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம், அந்தக் கெட்டிப்பால் வயிற்றுக்குள் போகாததுதான். ஆகவே தேனோ சர்க்கரையோ கலந்து பச்சைத் தேநீர் குடிப்பதாக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம்.

காசு செலவழிக்காமல் ஒரு வாரம்

எதையும் வாங்காதீர்கள். ஒரு வாரத்துக்கு வெவ்வேறு டீக்கடைகளில் பிளாஸ்க்கை மட்டும் கவனியுங்கள். கடைக்குக் கடை சுவை மாறும். ஒன்றில் புகை தூக்கலாக இருக்கும், ஒன்றில் வறுத்த பயறு வாசனை, இன்னொன்றில் வைக்கோல். உங்கள் நாக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு சந்தையில் எதைக் கேட்பது என்ற குழப்பம் இராது.

காலையிலேயே போவது முக்கியம். பல கடைகளில் இலையைப் பிளாஸ்க்குக்குள்ளேயே விட்டுவிடுவார்கள். மதியத்துக்குள் அது ஊறி ஊறி, நிறம் செம்பழுப்பாகி, கசப்பு ஏறிவிடும். மாலை நான்கு மணிப் பிளாஸ்க்கைக் குடித்துப் பார்த்துவிட்டு, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தீர்ப்பு எழுதக் கூடாது.

பால் டீயை எப்படி விடுவது

ஒரே நாளில் ஐந்தையும் நிறுத்தியவர்கள் மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கஃபீன் திடீரென்று நின்றால் பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சிலருக்கு ஒரு வாரம்கூட நீடிக்கும். பச்சைத் தேநீரிலும் கஃபீன் உண்டு, ஆனால் கடைப் பால் டீயின் கெட்டிச் சாயத்தைவிடக் குறைவு. அதனால் படிப்படியாக இறங்குவதே நல்லது.

எந்தக் கோப்பையை முதலில் விடுவது? காலை முதல் கோப்பையில் கை வைக்காதீர்கள். அது பழக்கத்தின் ஆணிவேர். அதைப் பிடுங்கினால் நாள் முழுவதும் எரிச்சல்தான். பதினோரு மணிக்கு வேலைக்கு நடுவே, யாரோ கூப்பிட்டதற்காகப் போய்க் குடிக்கிறோமே, அதை முதலில் மாற்றுங்கள். அதை நாம் ருசித்துக் குடிப்பதே இல்லை. அடுத்த வாரம் மதிய உணவுக்குப் பிந்தையது. மூன்றாம் வாரம் மாலைக் கோப்பை. எனக்கு ஆறு வாரம் பிடித்தது. காலைக் கோப்பை ஒன்று இன்றும் மிச்சம் இருக்கிறது. இனிப்பைக் குறைக்கச் சொல்லிக் குடிக்கிறேன். அதை விடுகிற எண்ணம் இல்லை.

சந்தையில் என்ன சொல்லிக் கேட்பது

பர்மாவில் தேயிலை மூன்று வேடம் போடுகிறது. ஊறவைத்துப் புளிக்கவைத்துத் தின்பது லப்பெசோ. எண்ணெய், பூண்டு, வறுத்த பருப்பு சேர்த்துப் பிசைந்து நம் வீட்டு விசேஷங்களிலும் இப்போது பரிமாறுகிறோம். காய்ந்த இலையில் இரண்டு வகை. ‘அச்சோசௌ’ என்றால் பால் டீக்கான கறுப்புத் தேயிலை. ‘அச்சான்சௌ’ என்றால் பச்சைத் தேயிலை. நமக்கு வேண்டியது இரண்டாவது. சும்மா ‘காய்ந்த தேயிலை’ என்று கேட்டால், நம் முகத்தைப் பார்த்ததும் கடைக்காரர் பால் டீ இலையைத்தான் எடுப்பார்; இந்த ஊரில் பால் டீயைப் பரப்பியவர்கள் நம்மவர்கள் அல்லவா!

நான் வாங்குவது காளி கோயிலுக்கு அருகிலுள்ள தெய்ன்ஜி சந்தையில். பெரியவர்கள் இன்றும் சூரத்தி பஜார் என்பார்கள். அங்கே எடை கிலோவில் ஓடாது, வீசையில் ஓடும். ஆங்கிலேயர் ‘விஸ்’ என்று எழுதிவைத்தது நம் வீசையைத்தான். சென்னை மாகாணத்து வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, பர்மாவில் அது 1.63 கிலோ. வீசையில் நூறில் ஒரு பங்கு ஒரு ‘ச்சத்தா’. முதல் தடவை ‘தஸேதா’, அதாவது பத்து ச்சத்தா மட்டும் வாங்குங்கள். 163 கிராம் வரும். கோப்பைக்கு இரண்டு கிராம் என்று வைத்தால் எண்பது கோப்பை. அதே இலையை இரண்டாம் முறை ஊறவைத்தால் நூற்று அறுபது.

விலையை இங்கே எழுதினால் நீங்கள் படிப்பதற்குள் மாறியிருக்கும். ஆகவே கணக்குப் போடும் வழியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ச்சத்தாவின் விலையை எண்பதால் வகுத்து, வரும் தொகையை ஒரு கோப்பை லப்பெயேயின் விலையோடு ஒப்பிடுங்கள். டப்பாவில் வரும் தேநீர்ப் பைகளுக்கும் இதே கணக்குத்தான். ஒரு பையில் இருப்பது ஒன்றரை முதல் இரண்டு கிராம். அதுவும் பெரும்பாலும் தூள். தூள் சீக்கிரம் சாயம் விடும், சீக்கிரம் கசக்கும், இரண்டாம் முறைக்குத் தாங்காது. அட்டைக்கும் நூலுக்கும் தங்க எழுத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

நல்ல இலை ஷான் மலைகளிலிருந்து வருகிறது. வடக்கே தஆங் மக்கள் வாழும் நம்சானும், தெற்கே பின்டயாவும் பேர் பெற்றவை. மழைக்கு முன்பு, திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டிப் பறிக்கும் முதல் கொழுந்துக்கு ‘ஷ்வேபி’ என்று பெயர். அதுதான் உயர்ந்தது, விலையும் அப்படியே. மழைக்காலத்து இலை பெரிதாகவும் நீர்த்த சுவையோடும் இருக்கும், மலிவு. என் யோசனை: பழகும் மாதங்களில் ஷ்வேபிக்குப் போகாதீர்கள். நடுத்தர இலையை வாங்கி, கையைப் பழக்கிக்கொள்ளுங்கள். நீர் ஊற்றத் தெரியாத கையில் ஷ்வேபியும் கசக்கத்தான் செய்யும். மலைப்பாதை அடைபட்டால் ஒரே வாரத்தில் விலை ஏறிவிடும் என்பதால், பிடித்த இலை கிடைத்தபின் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கலாம். அதற்குமேல் வேண்டாம், வாசனை போய்விடும்.

கடையில் நிற்கும்போது மூன்று வேலை செய்யுங்கள். ஒரு கைப்பிடி இலையை உள்ளங்கையில் வைத்து, வாயால் வெதுவெதுப்பாக ஊதி முகர்ந்து பாருங்கள்; பூசணமோ ஈரச் சாக்கு வாசனையோ தெரிந்தால் நகர்ந்துவிடுங்கள். இலையை விரலால் நொறுக்குங்கள். முறுக்காக ஒடிய வேண்டும், வளைந்தால் ஈரம் இருக்கிறது. பிறகு கடைக்கு இருபுறமும் பாருங்கள். இது வேடிக்கையல்ல. தேயிலை பக்கத்து வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். கருவாட்டுக் கடைக்கும் ஙாப்பி (புளித்த மீன் விழுது) கடைக்கும் நடுவே திறந்த சாக்கில் இருக்கும் இலை எவ்வளவு மலிவானாலும் எனக்கு வேண்டாம். ஒரு தடவை வாங்கிவந்தேன். பெரியம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “தம்பி, இதில் மீன் போட்டாயா?” என்று கேட்டார்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். 2009இல் இங்கே விற்ற பல ஊறிய தேயிலைப் பொட்டலங்களில் ஆராமின் ஓ என்ற மஞ்சள் துணிச்சாயம் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டு அவை தடை செய்யப்பட்டன. அது லப்பெசோவில் நடந்த கதை என்றாலும் காய்ந்த இலைக்கும் எச்சரிக்கையாக இருப்பதில் நட்டமில்லை. சிறிது இலையைக் குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். நல்ல இலை மெதுவாக, மங்கலாகத்தான் நிறம் விடும். போட்டவுடனே பளீரென்று மஞ்சளோ பச்சையோ பரவினால் அந்தக் கடைக்கு மறுபடி போகவேண்டாம்.

சீனத் தெருக்களில் மல்லிகை மணம் ஏற்றிய பச்சைத் தேயிலையும், மிளகுபோல் உருட்டிய சீன இலையும் கிடைக்கும். கசப்பைக் கண்டு பயப்படுபவர்களுக்கு மல்லிகைத் தேயிலை நல்ல தொடக்கம். பூ வாசனை நமக்கு அந்நியமா என்ன? ஜப்பானிய இலை அருமையானது, ஆனால் இங்கே அதற்குக் கொடுக்கும் விலைக்கு ஷ்வேபியே வாங்கிவிடலாம்.

நீரை ஆற்றுங்கள்

எல்லாத் தவறும் இங்கேதான் நடக்கிறது. ஷான் மலையின் இலை, அஸ்ஸாமிலும் யுன்னானிலும் வளரும் அதே பெரிய இலை இனம். துவர்ப்புப் பொருள்கள் அதில் இயல்பாகவே அதிகம். கொதிக்கும் நீர் பட்டால் அவை எல்லாம் ஒரே மூச்சில் இறங்கிவிடும். 75 முதல் 80 டிகிரிச் சூட்டில், தித்திப்பும் மணமும் முன்னே வரும், கசப்பு பின்தங்கும்.

வெப்பமானி தேவையில்லை. தமிழர் வீட்டில் தம்ளரும் டவராவும் இருக்கும், ஆற்றத் தெரிந்த கையும் இருக்கும். கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஒரு முறை மாற்றினால் ஏறக்குறைய பத்து டிகிரி குறையும். இரண்டு முறை மாற்றினால் 80க்கு வந்துவிடும். டீயை ஆற்றிய கை, இனி டீ போடுவதற்கு முன்பே ஆற்ற வேண்டும், வேறுபாடு அவ்வளவுதான்.

மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் பிளாஸ்க் இன்னொரு வகையிலும் உதவுகிறது. கரண்ட் இருக்கும்போது நீரைக் கொதிக்கவைத்து ஊற்றிவைத்தால், என் பழைய பிளாஸ்க்கில் சில மணி நேரத்தில் தானாகவே சரியான சூட்டுக்கு வந்து நிற்கிறது. உங்களுடையது எப்படி என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். இலையைப் பிளாஸ்க்குக்குள் மட்டும் போடாதீர்கள்.

நீரின் தரமும் சேர்ந்து பேசும். ஆழ்குழாய் நீரில் இரும்பு இருந்தால் தேநீர் கறுத்து, மேலே ஆடை படியும். குடிக்க வாங்கும் இருபது லிட்டர் சுத்திகரித்த நீரையே இதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செய்முறை. இலையை முதலில் வெறும் வாணலியில், சிறு தீயில், ஒரு நிமிடம் வறுத்துக்கொள்வது பர்மிய வழக்கம். மணம் எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். கடுகு தாளிக்கிற வேகம் இதற்கு ஆகாது. ஒரு தட்டைத் தேக்கரண்டி இலையை (சுமார் இரண்டு கிராம்) கோப்பையில் போட்டு, ஆற்றிய நீர் 180 மில்லி ஊற்றி, ஒன்றரை நிமிடம் விட்டு, வடிகட்டுங்கள். முழுதாக வடிகட்ட வேண்டும். கொஞ்சம் நீர் இலையோடு தங்கினாலும் அடுத்த கோப்பை கசக்கும். இரண்டாம் முறை சற்றுச் சூடான நீர், ஒரு நிமிடம் போதும், ஏனென்றால் இலை ஏற்கெனவே விரிந்திருக்கிறது. மூன்றாம் முறை மூன்று நிமிடம். எனக்கு இரண்டாம் ஊற்றுத்தான் மிகப் பிடிக்கும்.

கசந்தால் முதலில் சூட்டைக் குறையுங்கள், பிறகு நேரத்தை, கடைசியாக இலையை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும். சப்பென்று இருந்தால் இலையைக் கூட்டுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள்.

இன்னும் பிடிக்கவில்லையா?

ஜப்பானியர் பச்சைத் தேயிலையோடு வறுத்த அரிசி கலந்து குடிப்பார்கள். அதை நம் அடுப்பிலேயே செய்யலாம்: புழுங்கலரிசியைப் பொன்னிறமாக வறுத்து, இலையும் அரிசியும் சம அளவு கலந்துவையுங்கள். துவர்ப்பு பாதியாகும், தேயிலைச் செலவும் பாதியாகும். பால் டீயின் கனத்துக்கு ஏங்கும் நாக்குக்கு அந்த வறுவல் வாசனை ஓரளவு ஈடு கொடுக்கிறது. எலுமிச்சைப் புல், இஞ்சி, ஒரு துளி எலுமிச்சைச் சாறு, எதுவும் சரி. பால் வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் இரண்டும் கெடும்.

ஏப்ரல் வெயிலில் சூடாக எதையும் குடிக்க முடியாது. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு கிராம் இலை போட்டு, ஐஸ் பெட்டியில் ஐந்தாறு மணி நேரம் வைத்து வடிகட்டுங்கள். குளிர்ந்த நீரில் கசப்பு ஏறக்குறைய வெளிவருவதே இல்லை. முதல் முறை குடிப்பவருக்கு இதைத்தான் கொடுப்பேன்.

யார், எப்போது, எவ்வளவு

நாளுக்கு மூன்று நான்கு கோப்பை தாராளம். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்குக் குமட்டும். மாலை ஐந்துக்குமேல் குடித்துவிட்டு உறக்கம் வரவில்லை என்று சொல்லாதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் வேண்டாம்: 65 டிகிரிக்கு மேலான சூட்டில் பானம் அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. எந்தப் பானமானாலும் இது பொருந்தும்.

எண்ணெய் மிதக்கும் கறிச் சோற்றோடு பர்மியர் இதை அருந்துவது நாவுக்கு இதம்தான். ஆனால் தேநீரின் துவர்ப்பு, கீரை பருப்புகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். சைவ உணவுக்காரர்களும் ரத்தசோகை உள்ள பெண்களும் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு நாளின் மொத்தக் கஃபீனை 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கவும், ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பச்சைத் தேயிலைச் சாறு அடைத்த மாத்திரைகள் பக்கமே போகாதீர்கள். அதிக அளவில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

மழைக்காலத்தில் காப்பது

மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை யாங்கோனில் உப்புகூடக் கரைந்து ஒழுகும். இலையை ஒளி புகாத, இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு, அன்றாடத் தேவைக்கு ஒரு சிறு டப்பா தனியே வையுங்கள். அஞ்சறைப்பெட்டி இருக்கும் அலமாரியில் வைக்கக் கூடாது. பெருங்காயத் தேநீர் நான் குடித்திருக்கிறேன். இலை நமுத்துப்போனால் எறியாமல், முன்னே சொன்னபடி வாணலியில் வறுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். பூசணம் பிடித்ததை மட்டும் எறியுங்கள்.

கடைசியாக ஒரு கடை நாகரிகம். யேநுவேஜான் இலவசம் என்பதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து வரக் கூடாது. சமூசா, இசாகோய் என்று எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் பால் டீயை விட்டதன் பலன் போய்விடும். ஒரு தட்டு அவித்த பட்டாணியும் நான் ரொட்டியும் சொல்லுங்கள். அதோடு சேர்த்துக் குடிக்க, பிளாஸ்க்கை மறுபடி நிரப்பித் தரச் சொன்னால் பையன் முகம் சுளிக்க மாட்டான்.